கெட்டி மெத்தையும் நல்ல மெத்தையும்

ஆகஸ்ட் 29ஆம் தேதி மாலை பேராலயத்தில் கொடி ஏறிவிட்டால் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் காலியான படுக்கை என்று ஒன்று கிடையாது. காவி கட்டிப் பல நாள் நடந்து வந்தவர்கள் கடற்கரை மணலிலும் மண்டபத் தரையிலும் பாயை விரித்துவிடுகிறார்கள். விடுதி அறை கிடைத்தவர்கள் பாடு வேறு. இருவருக்கான அறையில் ஆறு பேர். கட்டிலில் பெண்களும் குழந்தைகளும், மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டால் அதில் ஆண்கள், வெறும் பலகையில் ஒரு மாமா. கடலில் குளித்த ஈரத் தலை, மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலை, சிந்திய பால் புட்டி எல்லாம் அந்த மெத்தையின் மேல்தான். போதாததற்குப் பிள்ளைகள் அதில் ஏறிக் குதிக்கின்றன. வீட்டு மெத்தை பல வருஷத்தில் படுகிற பாட்டை இங்கே உள்ள மெத்தை ஒரே சீசனில் பட்டுவிடுகிறது.

சீசன் முடிந்த பிறகு வருவது அதைவிடக் கெட்ட காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். உப்புக் காற்று ஜன்னல் இடுக்கு வழியே நுழையும். பூட்டிய அறையில், பிளைவுட் பலகையோடு ஒட்டிக் கிடக்கும் மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி விடத் தொடங்கும். ஆள் படுத்துக் கெடுவது ஒரு வகை, ஆள் படுக்காமல் கெடுவது இன்னொரு வகை என்பதை இந்த ஊர் விடுதிக்காரர்கள் எந்த விற்பனைப் பிரதிநிதியையும் விட நன்றாக அறிவார்கள். மெத்தையின் ஆயுளைப் பற்றி எழுத வேளாங்கண்ணியை விடப் பொருத்தமான ஊர் காவிரி டெல்டாவில் இல்லை.

டெல்டாவில் மெத்தை வாங்குவதற்கென்று ஒரு காலமும் சடங்கும் உண்டு. சம்பா அறுவடைப் பணம் கையில் வந்து தை, மாசியில் கல்யாணம் கூடினால், சீர் வரிசைப் பட்டியலில் பீரோவுக்கு அடுத்தது கட்டில் மெத்தை. நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ கடைக்குப் போகிறார்கள். பெண்ணின் அப்பா முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விடுகிறார். சித்தப்பா ஓரத்தில் உட்கார்ந்து எழுகிறார். படுத்துத் தூங்கப்போகிற பெண் ஒதுங்கி நிற்கிறாள். கடையில் நாலு பேர் பார்க்கப் படுத்துப் பார்ப்பது அவளுக்குக் கூச்சம். "கெட்டியாத்தான் இருக்கு, நாள்பட உழைக்கும்" என்று முடிவாகிவிடுகிறது. குத்து வாங்கி அசையாத மெத்தைதான் நல்ல மெத்தை என்பது நம் பொதுப் புத்தி. அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. கெட்டியாக இருப்பது முதுகுக்கு நல்லது என்பது ஒன்று. கெட்டியாக இருப்பது நீடித்து உழைக்கும் என்பது மற்றது.

முதுகு விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். இடுப்பு வலி என்று போனால் "மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டாந்தரையில் படு" என்று சொல்லும் மருத்துவர்கள் ஒரு தலைமுறைக்கு இருந்தார்கள். இன்னும் சில பேர் இருக்கிறார்கள். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயினைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட காரணம் தெரியாத நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தையும் மறு பாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் படுக்க வைத்தார்கள். யாருக்கு எது என்று படுத்தவர்களுக்கும் தெரியாது, வலியைக் கணக்கிட்டவர்களுக்கும் தெரியாது. 1 என்றால் மிகக் கெட்டி, 10 என்றால் மிக மெத்து என்ற ஐரோப்பிய அளவில் கெட்டி மெத்தை 2.3, நடுத்தரம் 5.6. படுக்கையில் இருக்கும்போது வலி, எழும்போது வலி, அன்றாட வேலையில் முடக்கம் எல்லாவற்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே அதிகக் குணம் தெரிந்தது.

ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு எல்லா முதுகுக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டிஸ்க் நழுவியவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் காரணம் எளிதில் விளங்கக் கூடியது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் சற்று அமிழ வேண்டும். பலகை போன்ற மெத்தையில் அவை அமிழாது, எடை முழுவதும் அந்த இரண்டு இடத்திலேயே நிற்கும், இடையில் முதுகு வளைந்து தொங்கும். மல்லாந்து படுப்பவருக்கு இடுப்பு தாழாமல் இருந்தால் போதும். எடை அதிகமானவருக்குக் கொஞ்சம் கெட்டி கூடுதலாக வேண்டும், ஒல்லியானவருக்குக் குறைவாக. கைக்குழந்தை மட்டும் இதற்கு விதிவிலக்கு: சமதளமான, உறுதியான படுக்கைதான் பாதுகாப்பு. அதற்கு நேர்மாறாக, எழுந்து நடக்க முடியாமல் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவருக்குக் கெட்டி மெத்தை வாங்கிப் போடுவது கொடுமை. அவருக்குப் படுக்கைப் புண் வராமல் அழுத்தம் மாறி மாறிக் கொடுக்கும் ஏர் பெட் வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முதியவர்கள் மட்டும் வீட்டைக் காக்கும் டெல்டாக் கிராமங்களில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மெத்தை மேல் "ஆர்த்தோ" என்று அச்சிட்டிருந்தால் அதற்கு எந்த மருத்துவமனையும் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம் இல்லை. அது பெரும்பாலும் கெட்டி மெத்தைக்கு வைத்த விற்பனைப் பெயர்.

இனி ஆயுள். நாம் படுத்த பொருள்களின் வரிசையைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். முசிறி வட்டாரக் காவிரிக் கரையில் விளையும் கோரையில் நெய்த பாய் இன்றும் டெல்டா வீடுகளில் சுருட்டி மூலையில் நிற்கிறது. கோடையில் மெத்தையைத் துறந்து சிமெண்டுத் தரையில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள் ஏழைகள் மட்டும் அல்ல. பாய்க்கு அடுத்து வந்தது இலவம் பஞ்சு. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பக்கம் அது இன்னும் பெரிய தொழில். டெல்டாவிலும் கொல்லையிலும் வரப்போரத்திலும் இலவ மரங்கள் உண்டு, பங்குனி சித்திரையில் காய் வெடிக்கும். அதற்குப் பிறகு தென்னை நாரில் ரப்பர் பால் ஏற்றிய காயர் மெத்தை. கர்லான் என்ற நிறுவனப் பெயரே எல்லாக் காயர் மெத்தைக்கும் பெயராகிவிடும் அளவுக்கு அது தமிழ்நாட்டு வீடுகளில் பரவியது. (அந்த நிறுவனத்தையே 2023இல் ஸ்லீப்வெல் மெத்தை தயாரிக்கும் ஷீலா ஃபோம் வாங்கிவிட்டது.) பிறகு ஃபோம், ஸ்பிரிங், லேடெக்ஸ், மெமரி ஃபோம் என்று வந்துகொண்டே இருக்கிறது.

இலவம் பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல பொருளை நாம் கெட்ட பெயரோடு விட்டுவிட்டோம். இலவ இழை உள்ளே காற்று நிரம்பிய மெல்லிய குழல். மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரை உறிஞ்சாது, மிதக்கும். கப்பல்களில் உயிர் காக்கும் சட்டைக்குள் ஒரு காலத்தில் இதைத்தான் திணித்தார்கள். ஆனால் அந்தக் குழல் உடையக்கூடியது. ஒருமுறை நசுங்கினால் முழுவதும் பழைய நிலைக்கு வராது, நாளடைவில் பொடியாகும், இடுப்புப் படும் இடத்தில் பள்ளம் விழும், பஞ்சு ஓரங்களுக்கு ஒதுங்கிக் கட்டி கட்டும். அதனால்தான் பஞ்சு கொட்டுகிறவர் வில்லோடு தெருவில் வந்தார். வில்லின் நரம்பைப் பஞ்சுக் குவியலுக்குள் வைத்து மரக்கட்டையால் தட்டத் தட்ட, கட்டி பிரிந்து பஞ்சு பூவாக எழும். இப்போது அந்த வேலையை வண்டியில் ஏற்றி வரும் மெஷின் செய்கிறது. பிரித்துக் கொட்டி, குறைந்த பஞ்சுக்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில் அடைத்துத் தைத்தால் மெத்தை மறுபடி எழுந்துவிடும். முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கக் கூடிய மெத்தை இது. இந்தப் பராமரிப்புக்கு ஆள் கிடைக்கும் ஊரில் இலவம் பஞ்சு மெத்தை வாங்கலாம். கிடைக்காத ஊரில் வாங்கினால் மூன்றாம் வருஷம் வருத்தப்படுவீர்கள்.

வாங்குகிறபோது பஞ்சை எடை போட்டு, கண்ணெதிரில் அடைக்கச் சொல்ல வேண்டும். ஆறுக்கு மூணு அளவு மெத்தைக்குச் சுமார் 10 கிலோ பஞ்சாவது போக வேண்டும். அதற்குக் கீழே போனால் அது மெத்தையாக இருக்காது, தடித்த ஜமுக்காளமாக இருக்கும். கலப்படம் இந்தத் தொழிலின் பழைய நோய். மில் கழிவுப் பஞ்சு, துணி வெட்டு, பாலியெஸ்டர் நார் எல்லாம் கலப்பார்கள். ஒரு கைப்பிடி பஞ்சைத் தண்ணீர் வாளியில் போட்டுப் பாருங்கள். இலவம் மிதந்துகொண்டே இருக்கும்; பருத்திக் கழிவு கொஞ்ச நேரத்தில் நனைந்து அமிழும். சிட்டிகை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினால், செயற்கை நார் இருந்தால் உருகிக் கறுப்பு மணியாக உறையும். விதை நீக்கிய பஞ்சா என்பதை விரலால் நெருடிப் பார்த்தாலே தெரியும். உறைத் துணி நெருக்க நெசவு உள்ள பட்டை போட்ட மெத்தைத் துணியாக இருக்க வேண்டும். நெசவு தளர்ந்த துணி என்றால் பஞ்சுத் தூசி வெளியே வரும், ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் அது தொல்லை.

காயர் மெத்தைக்கு வருவோம். தென்னை டெல்டாவுக்குச் சொந்தப் பயிர். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வயலை விடத் தோப்புதான் அதிகம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை ஏறியபோது அந்தத் தோப்புகள் சாய்ந்து கிடந்த காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். மட்டையிலிருந்து பிரித்த நாரை முறுக்கிக் கயிறாக்கி, அந்த முறுக்கு நாருக்குள் பதிந்த பிறகு பிரித்துவிடுவார்கள். அப்போது நார் சுருள் சுருளாக நிற்கும். அந்தச் சுருளைப் பாளமாகப் பரப்பி ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடேற்றினால் நாரும் நாரும் தொடும் இடமெல்லாம் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். நாரின் சுருள்தான் துள்ளல் தருகிறது, ரப்பர் அந்தச் சுருளைக் கலையாமல் பிடித்து வைக்கிறது. இதற்கு ஐஎஸ் 8391 என்ற இந்தியத் தர அளவு உண்டு. நார் எளிதில் மக்காது, கெடுவது ரப்பர். ரப்பர் பால் குறைவாகத் தெளித்த பாளம் ஓரிரு ஆண்டில் பிடி விடும், நார் பொடிந்து உதிரும். கட்டிலுக்கடியில் பெருக்கும்போது செம்பழுப்புத் தூள் அள்ள அள்ள வந்தால் மெத்தைக்குள் ரப்பர் செத்துவிட்டது என்று பொருள்.

நாகப்பட்டினத்தில் பழைய மெத்தைக்கு உறை மாற்றித் தருகிற கடை ஒன்றில், பிரித்துப் போட்டிருந்த நாலு அங்குலக் காயர் மெத்தையை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். உறையின் தையல் ஓரத்தில் சரியாகவே இருந்தது. உறைக்கும் காயருக்கும் இடையில் வைத்த அரை அங்குல ஃபோம் கடுகுப் பொடி நிறத்துக்கு மாறி, விரல் பட்ட இடத்தில் பொடிந்து கொட்டியது. இடுப்புப் படும் இடத்தில் அது இருந்த சுவடே இல்லை. அதற்குக் கீழே ஒட்டியிருந்த காயர் பாளங்களை அளந்தால் ஓரத்தில் இருந்த உயரத்துக்கும் நடுவில் இருந்த உயரத்துக்கும் கால் அங்குலம் கூட வித்தியாசம் இல்லை. வீட்டுக்காரர் "காயர் பள்ளம் விழுந்துவிட்டது" என்று கொண்டு வந்து போட்டிருந்தார். பள்ளம் விழுந்தது மேலே வைத்த மலிவு ஃபோம். கடைக்காரர் நல்ல ஃபோம் வைத்து, புது உறை போட்டு அதையே திருப்பிக் கொடுக்கப்போகிறார். கலப்பு மெத்தைகளில் எப்போதும் இப்படித்தான்: விளம்பரத்தில் பேசப்படும் அடுக்கு ஒன்று, முதலில் உயிர் விடும் அடுக்கு வேறொன்று. மெத்தையின் ஆயுளை அதன் மிக மோசமான அடுக்கு தீர்மானிக்கிறது. ஆகவே விலை கேட்பதற்கு முன் அடுக்குகளைக் கேட்க வேண்டும்: எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி?

டென்சிட்டி என்ற சொல் கடைகளில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. பொருள் புரிந்து புழங்குவது குறைவு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அது. 32 டென்சிட்டி என்றால் கன மீட்டருக்கு 32 கிலோ. அது கெட்டியைச் சொல்லும் எண் அல்ல. அமுக்கினால் எத்தனை விசை எதிர்க்கிறது என்பது தனி அளவு. 40 டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் செய்யலாம், 20 டென்சிட்டியில் கெட்டி ஃபோமும் செய்யலாம். டென்சிட்டி உழைப்பைச் சொல்கிறது. எடை கூடினால் பொருள் கூட, நுரைக்குமிழிகளின் சுவர் தடிமன், அதனால் நசுங்கி நசுங்கி எழும் சக்தி அதிக நாள் நிற்கும். 20க்குச் சற்று மேலே கீழே உள்ள ஃபோம் கடையில் கெட்டியாக நிற்கும், வீட்டில் சீக்கிரம் அமுங்கிப்போகும். குத்திப் பார்த்து வாங்கிய அப்பாக்கள் ஏமாறும் இடம் இதுவே. தினம் படுக்கும் மெத்தைக்கு 32க்குக் குறையாமல், முடிந்தால் 40 கேளுங்கள். வீட்டு மெத்தை ஃபோமுக்கு ஐஎஸ் 7933 என்ற தர அளவு உண்டு.

கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்கத் தச்சர் மரம் கணக்குப் போடுவது போலவே போடலாம். ஆறடிக்கு மூன்றடி, நாலு அங்குலம் என்றால் 6 கன அடி. கன அடியை 35ஆல் வகுத்தால் கன மீட்டர்: ஏறக்குறைய 0.17. 32 டென்சிட்டி ஃபோம் என்றால் மெத்தை ஐந்தரை கிலோ, 40 என்றால் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கன மீட்டருக்கு 80 கிலோ உள்ள காயர் பாளம் என்றால் பதின்மூன்றரை கிலோ. உறையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கடையில் தராசு இல்லை என்று சொன்னால் பக்கத்து மளிகைக் கடையில் இருக்கும்.

இதற்கும் மாற்று வழி கண்டுபிடித்தவர்கள் உண்டு. ஃபோம் வார்க்கும்போது சுண்ணாம்புக் கல் தூளைக் கலந்தால் எடை ஏறும், டென்சிட்டி எண் அழகாக நிற்கும், உழைப்பு மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட ஃபோமைக் கிள்ளி இரு விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும், வெள்ளைத் தூள் ஒட்டும்; இழுத்தால் சுலபமாகக் கிழியும். நல்ல ஃபோம் துண்டை முஷ்டிக்குள் இறுக்கிச் சற்று நேரம் வைத்திருந்து விட்டால் சுருக்கம் இல்லாமல் எழும்.

கெட்டி மெத்தை என்ற பெயரில் இன்று அதிகம் விற்பது ரீபாண்டட் ஃபோம். ஃபோம் ஆலைக் கழிவுகளைத் துண்டு துண்டாக அரைத்துப் பசை சேர்த்து அழுத்திப் பாளமாக்கியது; வெட்டிப் பார்த்தால் பல நிறம் தெரியும். டென்சிட்டி 80, 100 என்று இருக்கும், எனவே "40ஐ விட நூறு பெரிசு சார்" என்று விற்பார்கள். ஆலைக்கு ஆலை இதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நல்ல துண்டுகளும் போதிய பசையும் கொண்டு செய்தது பல வருஷம் நிற்கும், கீழ் அடுக்காகப் பயன்படுத்த ஏற்றது. மோசமானதில் துண்டுகள் தனித்தனியே விட்டுப்போகும். மேலே ஓர் அங்குலமாவது நல்ல ஃபோமோ லேடெக்ஸோ இல்லாத ரீபாண்டட் மெத்தை நான் மேலே சொன்ன 2.3 வகையைச் சேர்ந்தது; இடுப்பு வலிக்காரருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். திருவிழாக் காலத்தில் வண்டியில் ஏற்றி வந்து ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று கூவி விற்கும் மெத்தைகளுக்குள் பசைகூட இல்லாத வெறும் துண்டுகளும் துணிக் கழிவும் இருப்பதுண்டு. நாலு பக்கமும் தைத்து மூடி, ஜிப் இல்லாத மெத்தையை முகம் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

லேடெக்ஸ், ரப்பர் பாலை நுரைக்க வைத்துச் செய்வது. 1929இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் மர்ஃபி என்ற வேதியியலாளர் அதைச் செய்து காட்டினார். இயற்கை ரப்பர் லேடெக்ஸ் விலை அதிகம், உழைப்பும் அதிகம்; துளைகள் வழியே காற்றுப் போவதால் நம் புழுக்கத்துக்கு ஃபோமை விடத் தேவலை. வாங்க முடிந்தவர்கள் காயர் மேல் ஓரிரு அங்குல லேடெக்ஸ் என்ற கூட்டைப் பார்க்கலாம். மெமரி ஃபோம் 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உருவானது. உடல் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு அமிழ்வது அதன் குணம். அதே குணத்தால் குளிரில் இறுகும், வெயிலில் இன்னும் இளகும். ஏசி இல்லாத வீட்டில், சித்திரை மாதத்தில், மின்சாரம் போன ராத்திரியில் அதில் படுப்பதைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை.

ஸ்பிரிங் மெத்தைகளில் தரமானவை உண்டு. ஆனால் நாகூரிலிருந்து வேதாரண்யம் வரை கடலை ஒட்டி வீடு உள்ளவர்கள் தங்கள் ஜன்னல் கம்பியையும் கொல்லைக் குழாயையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. இந்தக் காற்றில் பூசாத இரும்பு எத்தனை வருஷம் தாங்குகிறதோ அதுவே கணக்கு. துரு ஏறிய சுருள் முதலில் கிறீச்சிடும், பிறகு ஒரு நாள் முறியும். கும்பகோணத்துக்காரருக்கும் மன்னார்குடிக்காரருக்கும் இந்தக் கவலை அவ்வளவு இல்லை.

ஆலைகளில் ஆயுளைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. ஈஎன் 1957 என்ற ஐரோப்பிய முறையில் ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ள உருளையை மெத்தை மேல் 30,000 தடவை முன்னும் பின்னும் உருட்டி, உயரம் எவ்வளவு குறைந்தது, கெட்டி எவ்வளவு மாறியது என்று அளக்கிறார்கள். அப்படிச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பெரிய நிறுவனங்களின் முகவரிடமாவது கேட்கலாம். அதில்கூட உப்பும் ஈரமும் சேர்த்தி இல்லை. அந்தப் பகுதியை வேளாங்கண்ணி போன்ற ஊர்தான் சோதிக்கிறது.

நம்மால் கடையில் செய்ய முடிந்த சோதனைகள் எளியவை. உள்ளங்கையால் அமுக்கினால் மேல் அடுக்கு மட்டும் தெரியும். முழங்காலை ஊன்றினால் அடி அடுக்கு தெரியும். முழங்கால் பலகையைத் தொட்டுவிட்டால் அந்த மெத்தை வேண்டாம். ஓரத்தில் உட்காருங்கள், சரிந்து விழுவது போல இருந்தால் ஓர அடுக்கு பலவீனம். பிறகு கூச்சத்தை விட்டுப் படுங்கள், கால் மணி நேரமாவது, வழக்கமாக எப்படிப் படுப்பீர்களோ அப்படி. யார் படுக்கப்போகிறார்களோ அவர்தான் படுக்க வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு மெத்தை எடுப்பவர்கள் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டுத் தாங்கள் கொஞ்சம் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய மெத்தையைக் கட்டில் கெடுத்துவிடும். டெல்டாவின் பழைய தேக்குக் கட்டில்களில் சட்டங்களுக்கிடையே கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். முன்பு அதன் மேல் பஞ்சு மெத்தை போட்டார்கள், சரியாக இருந்தது. ஃபோம் அந்த இடைவெளிக்குள் தொங்கித் தொங்கி உடையும். இடைவெளி மூன்று அங்குலத்துக்குக் கீழே இருக்கும்படி சட்டம் சேர்க்க வேண்டும். மெலிந்த பிளைவுட் போட்ட இரும்புக் கட்டிலில் பலகை நடுவில் வளையும், மெத்தைக்குப் பழி வரும். நீள நூலைக் கட்டிலின் இரு முனையில் இழுத்துப் பிடித்தால் வளைந்தது பலகையா மெத்தையா என்று தெரிந்துவிடும். கடலோரத்தில் பலகை முழுவதும் அடைத்து மூடியிருந்தால் ஈரம் தங்கும். அங்கங்கே துளை போட்டு, மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கோரைப்பாயை விரித்துவிடுவது நம் பாட்டிமார்களின் வழக்கம். கட்டிலின் அளவையும் உள்பக்கமாக அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஊர்த் தச்சர் தம் கணக்கில் செய்த கட்டிலுக்கு ஆயத்த அளவு பொருந்தாமல், வளைத்துத் திணித்து முதல் நாளே மெத்தையின் முதுகை ஒடிப்பவர்கள் உண்டு.

மொட்டை மாடியில் மெத்தையைக் காயப் போடும் பழக்கமும் பஞ்சுக் காலத்தில் வந்தது. இலவம் பஞ்சுக்கு வெயில் மருந்து: ஈரம் போகும், பஞ்சு எழும்பும். ஃபோமுக்கும் லேடெக்ஸுக்கும் அதே வெயில் நஞ்சு. சூரிய ஒளி நேராகப் பட்டால் ரசாயனப் பிணைப்பு அறுந்து பொடியும். அவற்றை நிழலில், காற்றோட்டத்தில் சுவரில் சாய்த்து வைத்தால் போதும். மாதம் ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாக்கித் திருப்ப வேண்டும். இரு பக்கமும் ஒரே அடுக்குள்ளதென்றால் புரட்டியும் போடலாம். வெள்ளத்தில் கடல் தண்ணீர் குடித்த மெத்தையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். உப்பு உள்ளேயே தங்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் காயப் போட்டாலும் காயாது.

கடலோர வீடு, ஏசி இல்லாத அறை, நடுத்தர வருமானம் என்றால் என் தேர்வு நல்ல ரப்பர் பிடிப்புள்ள நாலு அங்குலக் காயர், அதன் மேல் ஓர் அங்குலம் 40 டென்சிட்டி ஃபோம், கழற்றித் துவைக்கும் ஜிப் உறை. விடுதி வைத்திருப்பவர் அதே காயரைத் தண்ணீர் புகாத மேலுறையோடு வாங்கட்டும்; அந்த உறையே மெத்தையின் ஆயுளில் பாதி. பஞ்சு கொட்டுகிறவர் இன்னும் வருகிற ஊரில் இருப்பவர்கள் இலவம் பஞ்சை மறக்க வேண்டாம்.

உத்தரவாத அட்டையை வாங்கும்போதே படித்துவிடுங்கள். ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று பெரிய எழுத்தில் இருப்பது தயாரிப்புக் குறைக்குத்தான். படுத்தால் சுகமில்லை என்பது அதில் சேராது. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால்தான் ஏற்பார்கள், அதுவும் வருஷம் ஏற ஏற நம் பங்குப் பணம் கூடும். மெத்தையில் கறை இருந்தால் பல நிறுவனங்கள் திரும்பியே பார்க்காது. கட்டில் சமதளம் இல்லை என்றும் தட்டிக் கழிப்பார்கள். பில்லில் அடுக்கு, அங்குலம், டென்சிட்டி மூன்றையும் எழுதி முத்திரை போட்டு வாங்கியிருந்தால், தகராறு வரும்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கோ போக அது ஆதாரம். வெறும் "மெத்தை – 1" என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.